ஆர்சி காரில் த்ராட்டில் சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் மின்சார ஆர்சி (ரேடியோ ரிமோட்டில் ஓடும்) கார் ஓட்டும் பையன்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “அண்ணா, ட்ரிகரைத் தொட்டாலே குதிக்குதுண்ணா. எக்ஸ்போ எல்லாம் போட்டுப் பாத்துட்டேன், அப்பவும் அதேதான்.” ரிமோட்டை வாங்கிப் பார்த்தால் எக்ஸ்போ (ட்ரிகரின் தொடக்க அசைவை மென்மையாக்கும் அமைப்பு) ஏகத்துக்கும் ஏறியிருக்கும், எண்ட் பாயிண்ட் (ட்ரிகர் போகக்கூடிய உச்ச எல்லை) குறைந்திருக்கும், ட்ரிம் (நடு நிலையை நகர்த்தும் அமைப்பு) ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். நிஜமான கோளாறோ பினியன் (மோட்டார் ஷாஃப்ட்டில் இருக்கும் சின்னக் கியர்) திருகிலோ, சரியாகப் பற்றாத சால்டரிங்கிலோ இருக்கும்.

விரல் ட்ரிகரை அழுத்துவதற்கும் சக்கரம் உருள்வதற்கும் நடுவில் ரிமோட், ரிசீவர், இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), பேட்டரி, மோட்டார், கியர் என்று பல கைகள் மாறுகின்றன. இதில் கடைசிக் கையிலிருந்து பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். முதலில் சக்கரமும் கியரும், அப்புறம் ஒயரும் பேட்டரியும், அப்புறம் இஎஸ்சி. ரிமோட்டில் உள்ள எண்கள், மற்றதெல்லாம் முடிந்த பிறகு தொட வேண்டியவை. கீழே உள்ள கோளாறை மேலே எக்ஸ்போ போட்டு மறைத்தால் அது மறைந்துதான் இருக்கும், போகாது. ஒருநாள் இஎஸ்சியைக் கருக்கிவிட்டு வெளியே வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

காரின் அடியில் செங்கலோ கட்டையோ வைத்துச் சக்கரங்கள் தரையைத் தொடாமல் நிறுத்துங்கள். தரையில் வைத்து ட்ரிகர் சோதிக்க வேண்டாம். சக்கரம் காற்றில் இருக்கும்போது முழு வேகத்தை ஒரு நொடிக்கு மேல் பிடிக்கவும் வேண்டாம், சுமை இல்லாத மோட்டார் தேவைக்கு மேல் சுற்றும், டயரும் உப்பிப்போகும்.

ரிமோட்டில் த்ராட்டில் ட்ரிம் 0, சப்-ட்ரிம் 0, எக்ஸ்போ 0, முன்னும் பின்னும் எண்ட் பாயிண்ட் 100, ஏபிஎஸ் போன்ற உதவிகள் எல்லாம் அணைப்பில். பழைய எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டை முதலில் போட்டு, பிறகு காரைப் போட வேண்டும். அணைக்கும்போது காரை முதலில், ரிமோட்டைக் கடைசியில்.

அடுத்து கேலிபரேஷன். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும். ரிசீவர் இஎஸ்சிக்கு அனுப்புவது சிறுசிறு மின்துடிப்புகள். ட்ரிகரை விட்டிருக்கும்போது துடிப்பின் நீளம் ஏறத்தாழ 1500 மைக்ரோ செகண்ட், முழு வேகத்தில் 2000-ஐ ஒட்டி, முழு பிரேக்கில் 1000-ஐ ஒட்டி. ஆனால் ஒவ்வொரு ரிமோட்டும் இந்த மூன்று இடங்களையும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் அனுப்பும். உன் ரிமோட்டில் நடு எது, உச்சி எது, அடி எது என்று இஎஸ்சிக்கு நாம் காட்டிக்கொடுப்பதுதான் கேலிபரேஷன். ஹாபிவிங் போன்ற இஎஸ்சிகளில் செட் பொத்தானை அழுத்திக்கொண்டே ஸ்விட்ச் போட்டு, விளக்கு மின்னத் தொடங்கியதும் விட வேண்டும். ட்ரிகர் நடுவில் இருக்க ஒரு அழுத்து, ஒரு பீப். முழு வேகத்தில் பிடித்து ஒரு அழுத்து, இரண்டு பீப். முழு பிரேக்கில் தள்ளி ஒரு அழுத்து, மூன்று பீப். அவ்வளவுதான்.

எண்ட் பாயிண்ட் 70-இல் இருக்கும்போது இதைச் செய்தால், அந்த 70-தான் முழு வேகம் என்று இஎஸ்சி நம்பிவிடும். பிறகு நீங்கள் 100-க்கு ஏற்றினால் ட்ரிகர் பாதை முடியும் முன்பே முழு வேகம் வந்து, மீதிப் பாதை சும்மா கிடக்கும். அதனால்தான் முதலில் எல்லாவற்றையும் வெறுமையாக்கச் சொன்னேன்.

பல பேர் வைத்திருக்கும் குயிக்ரன் 1060 போன்ற பிரஷ் மோட்டார் இஎஸ்சியில் செட் பொத்தான் கிடையாது. ஸ்விட்ச் போட்ட நொடியில் ட்ரிகர் எங்கே இருக்கிறதோ அதை நடு என்று எடுத்துக்கொள்ளும். எனவே போடும்போது விரல் ட்ரிகர்மேல் இருக்கக் கூடாது. அதில் சின்ன ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் துண்டு) இரண்டு இருக்கும். ஒன்று பேட்டரி வகைக்கு, இன்னொன்று ரிவர்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போட்டுவிட்டு ஜம்பரை நிக்கல் வகையிலேயே விட்டுவைத்தால் பேட்டரி செத்துப்போகும். வாங்கியதும் இதைப் பாருங்கள்.

ட்ரிகரை அழுத்தினால் எதுவும் இல்லை, பீப் மட்டும் வருகிறது

இடைவிடாத பீப் என்றால் பெரும்பாலும் இஎஸ்சிக்கு நடு கிடைக்கவில்லை, அல்லது சிக்னலே வரவில்லை. ரிசீவர் விளக்கு நிலையாக எரிகிறதா பாருங்கள். மின்னினால் ரிமோட்டோடு மறுபடி பைண்ட் செய்ய (இணைக்க) வேண்டும். நிலையாக எரிந்தால் இஎஸ்சி ஒயர் த்ராட்டிலுக்கான 2-ஆம் சேனலில் சரியான பக்கமாகச் செருகியிருக்கிறதா, த்ராட்டில் ரிவர்ஸ் மாறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஃபுடாபா ரிமோட் என்றால் பெரும்பாலான இஎஸ்சிகளுக்கு த்ராட்டிலை ரிவர்ஸில் வைக்கத்தான் வேண்டும்.

ஸ்டியரிங் வேலை செய்து, மோட்டார் மட்டும் செத்தது போலிருந்தால் கோளாறு ரேடியோவிலா இஎஸ்சியிலா என்று தெரிந்துகொள்ள நல்ல சோதனை ஒன்று உண்டு. இஎஸ்சியை ரிசீவரிலிருந்து கழற்றிவிடுங்கள். 4 டபுள்-ஏ செல் போடும் பெட்டியை ரிசீவரின் பேட்டரி இடத்தில் செருகி, ஸ்டியரிங் சர்வோவை (முன்சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) 2-ஆம் சேனலில் மாட்டுங்கள். இப்போது ட்ரிகரை மெதுவாக அழுத்தினால் சர்வோ கை அதே மெதுவோடு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுங்கினாலோ, ஓரிடத்தில் தாண்டிக் குதித்தாலோ ரிமோட்டுக்குள் ட்ரிகரோடு சுழலும் பொட்டன்ஷியோமீட்டரில் தூசியோ தேய்மானமோ இருக்கிறது. சீராகப் போனால் ரேடியோ சுத்தம், இஎஸ்சிக்குப் போங்கள். மெனுவுக்குள் தேடிக்கொண்டிருக்கும் பல மணி நேரத்தை இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும்.

விரலை எடுத்தாலும் கார் ஊர்ந்துகொண்டே இருக்கிறது

கேலிபரேஷன் சரியாக முடித்தவர்களுக்கு இது அனேகமாக வராது. வந்தால் ட்ரிம் பொத்தான் எங்கோ தட்டுப்பட்டிருக்கும். ட்ரிமை வைத்தே சரிசெய்துகொண்டு ஓட்டலாம் என்று விடாதீர்கள். ட்ரிமைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி கேலிபரேட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் சில நாளில் நடு நகர்ந்துபோனால் ட்ரிகரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் திரும்பவில்லை. இஎஸ்சியில் நியூட்ரல் ரேஞ்ச் என்று ஓர் அமைப்பு இருக்கும், 6, 9, 12 சதவீதம் என்பதுபோல. ஒரு படி கூட்டினால் இந்தத் தள்ளாட்டத்தை அது விழுங்கிக்கொள்ளும்.

முதலில் ஒன்றுமில்லை, அப்புறம் சட்டென்று குதிக்கிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான், காரணங்களும் அதிகம்.

நியூட்ரல் ரேஞ்ச் 12-இல் இருந்தால் ட்ரிகரின் தொடக்கப் பகுதி வெறுமையாகிவிடும். ட்ரிகர் நல்ல நிலையில் இருந்தால் 6-க்குக் குறையுங்கள். அடுத்து பன்ச் அல்லது ஸ்டார்ட் மோட் என்ற அமைப்பு. நின்ற நிலையிலிருந்து இஎஸ்சி எவ்வளவு வேகமாக மின்சாரத்தை அவிழ்த்துவிடும் என்பது இது. புழுதி மைதானத்தில் ஓட்டுபவர்கள் பெட்டியைப் பிரித்ததும் இதை உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். டயருக்குப் பிடிப்பே இல்லாத நம்ம ஊர் மண்ணில் உச்ச பன்ச் போட்டால் சக்கரம் சுற்றிச் சுற்றிப் புழுதி கிளம்புமே தவிர கார் முன்னே போகாது. கீழ் மட்டத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். கார் வால் ஆட்டத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். சிமெண்ட் தரையில் ஓட்டினால் இன்னும் ஒரு படி தாங்கும்.

கியர்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருந்தாலும் இதே குதிப்பு வரும். பினியன் கொஞ்ச தூரம் வெறுமே சுழன்று, பிறகு அது சுற்றும் பெரிய கியரான ஸ்பர் கியரில் டக் என்று மோதும். நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு துண்டு கிழித்து இரண்டு பற்களுக்கும் நடுவே ஓடவிட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்துத் திருகை முடுக்குங்கள். தாளை உருவியதும் கிடைப்பது சரியான இடைவெளி. ஸ்பர் கியரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். சில ஸ்பர் கியர்கள் கோணலாக இருக்கும், அப்போது இறுக்கமான இடத்தை வைத்து அளக்க வேண்டும்.

இவ்வளவும் சரி, ஆனாலும் விரலுக்கு முரடாக இருக்கிறது என்றால் இப்போது எக்ஸ்போவைத் தொடலாம். குறியை மட்டும் கவனியுங்கள். ஃபுடாபாவில் மைனஸ் பக்கம் போனால் மென்மை, ஸ்பெக்ட்ரமில் ப்ளஸ் பக்கம் போனால் மென்மை. மற்ற ரிமோட்டுகளும் இப்படி இரண்டு வழியில் ஒன்றைப் பின்பற்றும். ஒரு பையன் மென்மைக்காக எக்ஸ்போவை ஏற்ற ஏற்ற கார் முரடாகிக்கொண்டே போனால் வேறெதையும் தேட வேண்டாம், குறி மாறியிருக்கிறது. 15, 20-க்கு மேல் தேவைப்பட்டால் கீழே இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கிளம்பும்போது திக்கித் திணறி நடுங்குகிறது

சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் இதில் கொஞ்சம் இயல்பு. மோட்டார் சுற்றும்போது அதுவே திருப்பி உண்டாக்கும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் உள்ளே காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று இஎஸ்சி தெரிந்துகொள்கிறது. நின்றிருக்கும் மோட்டாரில் அந்த அழுத்தமே இல்லை, எனவே முதல் அடியைக் குத்துமதிப்பாக எடுத்துவைக்கிறது. ஊகம் தப்பினால் நடுங்கும்.

லேசான நடுக்கம் என்றால் விட்டுவிடலாம். கூடிக்கொண்டே போனால் விடக் கூடாது. மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். மூன்றில் ஒன்று விட்டுப்போயிருந்தால் மோட்டார் நின்ற இடத்திலேயே துடிக்கும், சுற்றாது. அந்த நிலையில் ட்ரிகரைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான் இஎஸ்சியை எரிக்கும் நேர்வழி. புல்லட் கனெக்டர் தளர்வாகச் செருகினால் மாற்றுங்கள். சால்டரிங் சாம்பல் நிறத்தில் மணிமணியாக இருந்தால் அது ஒட்டியிருக்கிறது, பற்றவில்லை. ரிச்சி தெருவில் 63/37 ஈயமும் ஃப்ளக்ஸும் வாங்கி, 60 வாட்டாவது இருக்கும் அயர்னால் மறுபடி உருக்கி வையுங்கள். மொபைல் போனுக்கு வைத்திருக்கும் மெல்லிய அயர்ன் இந்தத் தடித்த ஒயரைச் சூடாக்காது.

ஒயர் நன்றாக இருந்தால் பேட்டரி. நல்ல 2எஸ் (இரண்டு செல்) லிப்போ முழு சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும். கிளம்பும் நொடியில் அது சட்டென்று கீழே விழுந்தால் மோட்டாருக்கு ஊகிக்கக்கூடத் தெம்பு இருக்காது. ஸ்டிக்கரில் 50சி (பேட்டரியின் கொள்ளளவைப்போல் 50 மடங்கு மின்னோட்டம் தரும் என்று பொருள்) என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். 5000 எம்ஏஎச் பேட்டரி 50சி என்றால் 250 ஆம்பியர். அந்த விலையில் அந்த ஒயர் தடிமனில் அது நடக்காது. வேறொரு பேட்டரி மாட்டிப் பார்த்து நடுக்கம் போனால் விடை கிடைத்துவிட்டது.

பெரிய பினியன் போட்டிருந்தாலும் இதே திணறல் வரும். இரண்டு பல் குறைத்துப் பாருங்கள். சென்சார் உள்ள மோட்டாராக இருந்து நடுங்கினால் சென்சார் ஒயரை மாற்றுங்கள், பெரும்பாலும் அதன் செருகி வளைந்திருக்கும். இன்னொன்று: சென்சார் இல்லாத மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று ஒயரில் எந்த இரண்டையும் மாற்றிச் செருகலாம். சென்சார் உள்ளதில் அந்த வேலையே ஆகாது. ஏ-க்கு ஏ, பி-க்கு பி, சி-க்கு சி.

மோட்டார் கத்துகிறது, கார் நகரவில்லை

ரேடியோவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பினியனின் சின்னத் திருகு, ஷாஃப்ட்டின் தட்டையான பகுதியில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். அடுத்து ஸ்லிப்பர் கிளட்ச், அதாவது சுமை அதிகமானால் நழுவிக் கியரைக் காக்கும் பகுதி. பின்சக்கரம் இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஸ்பர் கியரைக் கட்டைவிரலால் தள்ளினால் சிரமப்பட்டுத்தான் நழுவ வேண்டும். சுலபமாக நழுவினால் நட்டைக் கால் சுற்று முடுக்கி மறுபடி பாருங்கள்.

முழுசாக அழுத்தியும் பழைய வேகம் இல்லை

ரெடிமேட் கார்களின் ரிமோட்டில் 50, 75, 100 என்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்விட்ச் இருக்கும். வீட்டுக் குழந்தைகள் கை பட்டு அது 50-க்குப் போயிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு முன்பக்க எண்ட் பாயிண்ட், பிறகு கேலிபரேஷன். மூன்றும் சரியென்றால் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், பேரிங் கரகரவென்றால் அங்கேதான் வேகம் போகிறது.

த்ராட்டில் கொடுத்ததும் ஸ்டியரிங் செத்துப்போகிறது

மோட்டார் ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுக்கும்போது, ரிசீவருக்கும் சர்வோவுக்கும் இஎஸ்சி தரும் 5 அல்லது 6 வோல்ட் சரிந்து, ரிசீவர் அணைந்து மறுபடி எழுகிறது. ரிசீவர் விளக்கு அந்த நொடியில் மின்னினால் உறுதி. பெரிய டிஜிட்டல் சர்வோ மாட்டியவர்களுக்கு இது அதிகம் வரும். 10 வோல்ட், 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சர்வோ ஒயரில் சால்டர் செய்து ரிசீவரின் காலிச் சேனலில் செருகினால் சின்னச் சரிவுகளைத் தாங்கும். ப்ளஸ் மைனஸ் மாறினால் கெபாசிட்டர் வெடிக்கும், இரண்டு முறை பார்த்துச் செருகுங்கள். போதவில்லையென்றால் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தனியாக மின்சாரம் தரும் யூபெக் போடலாம். அப்போது இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் செருகியின் சிவப்பு ஒயரை எடுத்துவிட வேண்டும். இரண்டு இடத்திலிருந்து மின்சாரம் வரக் கூடாது.

கார் தூரம் போனால் மட்டும் இந்தத் தடுமாற்றம் என்றால் அது ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டெனா நுனியில் உறை இல்லாத 31 மில்லிமீட்டர்தான் சிக்னலைப் பிடிக்கிறது. அது வெட்டுப்படாமல், பேட்டரி ஒயரோடு சேர்த்துக் கட்டப்படாமல், குழாயில் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

ஐந்து நிமிஷம் நன்றாக ஓடி, அப்புறம் சோர்ந்துபோகிறது

விட்டுவிட்டு இழுத்தால் பேட்டரி தீர்கிறது, இஎஸ்சி தானாகத் தடுக்கிறது. லிப்போவுக்கு ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்டை ஒட்டித் தடுப்பு இருப்பது நல்லது. அதைக் குறைத்து இன்னும் ஒரு நிமிஷம் ஓட்டலாம் என்று ஆசைப்பட வேண்டாம்.

பேட்டரியில் பாதி மிச்சம் இருந்தும் சோர்ந்தால் சூடு. கத்திரி வெயிலில் மைதானத்து மண்ணே காலைச் சுடும் நாளில், மோட்டார் தொடங்கும்போதே 40 டிகிரியை ஒட்டி இருக்கிறது. 80 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. அதற்கு மேல் உள்ளே இருக்கும் காந்தம் வலுவிழக்கத் தொடங்கும், ஆறிய பிறகும் முழு வலு திரும்பாது. வெப்பமானி இல்லையென்றால் விரலை வையுங்கள், ஒரு நொடிகூட வைக்க முடியவில்லையென்றால் நிறுத்துங்கள். இதற்குத் தீர்வு ஃபேன் இல்லை, பினியன். ஒரு பல் குறைத்தால் உச்ச வேகம் கொஞ்சம் போகும், ட்ரிகரின் பதில் உடனே துடிப்பாகும், சூடும் இறங்கும். மே மாதத்துக்கு ஒரு பினியன், மார்கழிக்கு ஒரு பினியன் என்று வைத்துக்கொள்வது வீண் செலவில்லை.

2எஸ்-இலிருந்து 3எஸ்-க்கு மாறியவர்களும் இங்கேதான் வருவார்கள். 3300 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 3300 சுற்று) மோட்டார் 7.4 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிஷத்துக்கு 24,420 சுற்று. 11.1 வோல்ட்டில் 36,630. ட்ரிகரின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் முன்பைவிட ஒன்றரை மடங்கு வேலை செய்யும். பினியனை மாற்றாமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் கார் முரடாவதும் மோட்டார் காய்வதும் சேர்ந்தே வரும்.

பிரேக் போட்டால் குட்டிக்கரணம், அல்லது ரிவர்ஸே இல்லை

பிரேக் ஃபோர்ஸை இஎஸ்சியில் குறையுங்கள். ட்ரிகரை விட்டதுமே கார் இழுத்துப் பிடித்தால் அது ட்ராக் பிரேக், மண்ணில் ஓட்ட 0 அல்லது அதை ஒட்டி வையுங்கள். ரிவர்ஸ் வரவில்லையென்றால் முதலில் பிரேக், பிறகு நடு, மறுபடி பின்னால் தள்ளிப் பாருங்கள். பல இஎஸ்சிகள் அப்படித்தான் ரிவர்ஸ் கொடுக்கும்.

திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரையில் ஓட்டிய பிறகு

வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருப்பது மழைத் தண்ணீருக்கு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பைத் தின்னும். அலை தொடும் இடத்துக்குக் காரை விடாதீர்கள். ஓட்டிவந்த அன்றைக்கே கியர் பெட்டியையும் சக்கரங்களையும் நல்ல தண்ணீரால் துடைத்து, உலர்த்தி, பேரிங்குக்கு எண்ணெய் விடுங்கள். கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி ஓட்டாமல் புதிதாக மாற்றிவிடுங்கள். காசிமேடு பக்கம் கடலுக்கு அருகில் குடியிருப்பவர்களுக்குக் கார் அலமாரியில் இருந்தாலே இந்தப் பச்சை வரும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

விமானமும் ட்ரோனும் வைத்திருப்பவர்களுக்கு

சோதிக்கும் முன் ப்ரொபெல்லரைக் கழற்றிவிடுங்கள், இதில் விதிவிலக்கே இல்லை. சட்டென்று த்ராட்டில் ஏற்றும்போது கீச்சென்று கத்தி மோட்டார் தடுமாறினால் இஎஸ்சிக்கும் மோட்டாருக்கும் தாளம் தவறுகிறது. இஎஸ்சி அமைப்பில் டைமிங்கை (மோட்டாருக்கு மின்சாரம் மாற்றும் நேரம்) ஒரு படி ஏற்றி, வேகம் ஏறும் அளவை மென்மையாக்குங்கள். ட்ரோன்களில் டிஷாட் என்ற டிஜிட்டல் சிக்னல் முறை என்றால் அளவு எண்ணாகவே போகிறது, கேலிபரேஷன் தேவையில்லை. பறக்கவிடும் முன், எங்கே பறக்கலாம் எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். மணலி சுத்திகரிப்பு ஆலை, துறைமுகங்கள், அனல்மின் நிலையம் எல்லாம் இருக்கிற பகுதி இது.

ரிமோட்டை அணைத்தால் கார் தானாக ஓடுகிறது

இது நடந்தால் வேறெந்தச் சோதனைக்கும் முன்னால் இதைச் சரிசெய்யுங்கள். சிக்னல் அறுந்தால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவைப்பது ஃபெயில்சேஃப். பல ரிமோட்டுகளில் இது வாங்கும்போது அணைந்தே இருக்கும். மெனுவில் த்ராட்டில் சேனலுக்கு மட்டும் ஃபெயில்சேஃபை இயக்கி, ட்ரிகரைப் பாதிப் பிரேக்கில் பிடித்துக்கொண்டு சேமியுங்கள். முழு வேகத்தில் தவறிச் சேமித்தால் விளைவு தலைகீழ். பிறகு காரைச் செங்கல்மேல் ஏற்றி, மெதுவாகச் சக்கரம் சுற்றும்போது ரிமோட்டை அணையுங்கள். ஒரு நொடிக்குள் சக்கரம் நிற்க வேண்டும். கேலிபரேஷனோ ட்ரிமோ மாற்றிய ஒவ்வொரு முறையும் இதை மறுபடி சோதியுங்கள். உங்கள் ரிசீவரில் இந்த வசதியே இல்லையென்றால் எண்ணூர் விரைவுச் சாலை மாதிரி கன்டெய்னர் லாரி ஓடும் சாலையை ஒட்டிய எந்த இடத்திலும் அந்தக் காரை இறக்காதீர்கள். சுற்றுச்சுவர் உள்ள மைதானத்தில் மட்டும், த்ராட்டில் எண்ட் பாயிண்டை 50-க்குக் குறைத்து ஓட்டுங்கள், ரிசீவர் மாற்றும் வரை.